கேப்டன் ஆனால் ஒரு கிடா

15.7.2002, திங்கள்

காற்று. ஆடி பிறக்கவே இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, அதற்குள் மலைக்கோட்டைப் புழுதி முழுக்க எங்கள் வீட்டுச் சோற்றில். இன்று குழாயில் தண்ணீர் வரும் முறை. வரவில்லை. லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவளோடு டேங்க் காலி.

செய்ய வேண்டியது: கேஸ் புக் பண்ண. ரேஷன் சீனி. ஷீலாவின் யூனிபார்ம் டெய்லரிடம் வாங்க. பள்ளி டைம்டேபிள் (வேறு யார், நான்தான்).

கிடா என் சுங்குடிச் சேலையின் முந்தானையைத் தின்றுவிட்டது. பச்சை. சின்னாளபட்டியில் போன கிறிஸ்மஸுக்கு எடுத்தது. மாமனாரிடம் சொன்னால், "சாமிக்கு நேந்தது தாயி, அடிச்சுப்புடாத" என்கிறார். நான் எங்கே அடித்தேன். விளக்குமாற்றைக் காட்டினேன், அவ்வளவுதான்.

இந்தக் கிடா வந்த வினை: போன வருடம் என் வீட்டுக்காரர் கப்பலிலிருந்து போனில், அடுத்த டிரிப் கேப்டனாக அனுப்புகிறார்களாம் என்றார். மறுநாளே மாமா வேடசந்தூர்ப் பக்கம் போய்க் குட்டி பிடித்து வந்துவிட்டார். மகன் கேப்டன் ஆனால் செபஸ்தியார் திருவிழா அன்னதானத்துக்கு ஒரு கிடா என்று நேர்ச்சை. குட்டியாக வந்தது. இப்போது கொம்பும் தாடியுமாக நிற்கிறது. தெருவில் அதற்குக் கேப்டன் என்றே பெயர். "கேப்டன் உங்க செம்பருத்தியத் திங்குது டீச்சர்" என்று பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா குரல் கொடுக்கிறார்.

இவர் இன்னும் சீஃப் ஆபீசர்தான். கேப்டனுக்கு அடுத்த ஆள். வந்து மூன்று மாதம் ஆகிறது. பம்பாய் ஆபீஸ் போனுக்குக் காத்திருப்பு. அதுவரை வீட்டைக் கப்பலாக நினைத்துக்கொண்டு எல்லாக் குழாயையும் கழற்றி மாட்டுகிறார். தண்ணீர் வராத குழாய்கள்.

17.7.2002, புதன். ஆடி ஒன்று

ப.ஆ. போன். (பம்பாய் ஆபீஸ். இனி இப்படித்தான் எழுதுவேன், முழுப்பெயருக்கு லாயக்கில்லை.)

இவர் பேசப் பேசக் குரல் இறங்கியது. "யெஸ். ஐ சீ. ஐ சீ." போனை வைத்துவிட்டு நேரே கொல்லைக்குப் போய்க் கிடாவின் முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். அப்போதே தெரிந்துவிட்டது எனக்கு.

விஷயம் இது. இவர் போகவிருந்த கப்பலுக்குக் கொடியை மாற்றிவிட்டார்கள். இதுவரை ஏதோ ஆப்பிரிக்க நாட்டுக் கொடி. அந்தக் கொடியில் எந்த நாட்டுக்காரனும் கேப்டன் ஆகலாம், பரீட்சை பாஸ் பண்ணியிருந்தால் போதும். இப்போது முதலாளி தன் சொந்த நாட்டுக் கொடியை ஏற்றிவிட்டான், வரி குறையுமாம். அந்தச் சட்டப்படி கேப்டன் அவர்கள் நாட்டுக் குடிமகனாகவோ பக்கத்து ஐரோப்பிய நாட்டுக்காரனாகவோ இருக்க வேண்டும். மற்ற அதிகாரிகள் யாராக இருந்தாலும் பரவாயில்லை. சமையல்காரன், எஞ்சினில் எண்ணெய் போடுகிறவன், சீஃப் ஆபீசர், எல்லாம் நாம் இருக்கலாம். அந்த ஒரு நாற்காலி மட்டும் கூடாது.

அந்த நாட்டின் பெயரை இந்த டைரியில் எழுதப் போவதில்லை. பிடிக்கவில்லை.

மாமாவுக்கு விவரம் சொன்னோம். கொடி எப்படி இருக்கும் என்று கேட்டார். இவர் பேப்பரில் வரைந்து காட்டினார். நடுவில் சிலுவை. மாமா முகம் மலர்ந்துவிட்டது. "சிலுவை போட்ட கொடிடா. நம்மளக் கைவிடாது."

தலையில் அடித்துக்கொள்ள நேரமில்லை. தோசைமாவு ஆட்ட வேண்டியிருந்தது, கரண்ட் போவதற்குள்.

19.7.2002, வெள்ளி

கோயிலில் திருவிழா நோட்டீஸ் கொடுத்தார்கள். நேர்ச்சை கொடுப்போர் பட்டியலில், அச்சில், கொட்டை எழுத்தில்: "கேப்டன் சேவியர் குடும்பத்தார் - கிடா ஒன்று."

மாமா போன மாதமே பங்கு ஆபீசில் பெயர் கொடுத்துவிட்டாராம். "எப்படியும் ஆகப்போறான்னு குடுத்தேன் தாயி." ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆன மனிதர். சர்வீசில் ஒரு நாள் கூடச் சிக்னல் விழாமல் கொடி காட்டியதில்லை என்று பெருமை பேசுகிறவர். மகன் விஷயத்தில் மட்டும் சிக்னலாவது ஒன்றாவது.

இப்போது ஊரே வாழ்த்துகிறது. டெய்லர் யூனிபார்முக்குக் கூலி வாங்க மாட்டேன் என்றான். வலுக்கட்டாயமாகக் கொடுத்தேன். டவுன் பஸ்ஸில் ஒரு அம்மா, "கேப்டன்னா மிலிட்டரியா டீச்சர்?" கப்பல் என்றேன். "அப்ப தூத்துக்குடியா?" ஆமாம் என்றேன். விளக்கிச் சொல்ல யாரிடம் தெம்பு இருக்கிறது.

வாழ்த்துக்கு இவர் சிரிக்கும் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஊசி போட்டுக்கொள்பவர் சிரிப்பு.

எனக்காக எழுதி வைக்கிறேன், ஏன் இது இவ்வளவு முக்கியம் என்று. கேப்டனாக இரண்டு வருடம் ஓடியிருந்தால்தான் கரையில் வேலை. சென்னையிலோ தூத்துக்குடியிலோ கப்பலைப் பார்வையிடும் வேலை, ஆபீஸ் வேலை, சாயங்காலம் வீடு. சீஃப் ஆபீசராக எத்தனை வருடம் ஓடினாலும் அது கணக்கில் வராது. கல்யாணம் ஆன நாளிலிருந்து வருடத்தில் பாதி எனக்குப் புருஷன் போனில்தான். ஷீலா பேச ஆரம்பித்ததும் போனைக் காட்டி "அப்பா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு இவர் வீட்டில் வேண்டும். கேப்டன் பட்டம் எனக்கு எதற்கு.

23.7.2002, செவ்வாய்

சென்னை போயிருந்த இவர் காலை ரயிலில் திரும்பினார். சட்டையெல்லாம் கரி. முகமும்.

இந்தியக் கப்பல் கம்பெனியில் கேப்டன் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விசாரிக்கப் போனது. அங்கே என்ன சொன்னார்கள்: இந்தியக் கொடிக் கப்பலில் கேப்டன் இந்தியனாக இருக்க வேண்டும். சரி, இவர் இந்தியர்தான். பாஸ்போர்ட் இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, வேறென்ன வேண்டும். சர்டிபிகேட்டும் இந்திய அரசாங்கம் கொடுத்ததாக இருக்க வேண்டும். இவர் மாஸ்டர் பரீட்சை, அதாவது கேப்டன் பரீட்சை, எழுதியது இங்கிலாந்தில். கம்பெனிதான் செலவு செய்து அனுப்பியது. அது இங்கே செல்லாது. மறுபடி சில கோர்ஸ், மறுபடி வாய்மொழித் தேர்வு.

ஆக, அங்கே சர்டிபிகேட் சரியாம், ஆள் சரியில்லையாம். இங்கே ஆள் சரியாம், சர்டிபிகேட் சரியில்லையாம். கடல் ஒன்றுதானே? உப்பு மாறியா இருக்கிறது?

கவுண்டரில் இருந்த பையன், "இதெல்லாம் முன்னாடியே யோசிச்சிருக்கணும் சார்" என்றானாம். இவர் கோபப்படாமல் வந்திருக்கிறார். எனக்கு இங்கே இருந்தே கை பரபரக்கிறது.

கிடா, இவர் கப்பல் முடிச்சுப் போட்டுக் கட்டிய கயிற்றைத் தின்றுவிட்டது. முடிச்சு மட்டும் அப்படியே கிடக்கிறது. நல்ல முடிச்சு.

25.7.2002, வியாழன்

பள்ளி. புதுத் தலைமையாசிரியை வந்துவிட்டார். கன்னியர் சபையின் மதர் இல்லத்திலிருந்து அனுப்பிய சிஸ்டர். என்னிடம் பத்தாம் வகுப்பில் பூகோளம் படித்த பெண். நல்ல பிள்ளை, அன்றும் இன்றும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் உட்காரச் சொன்னேன். அவர் நாற்காலியில் அவரை உட்காரச் சொல்ல நான்.

சம்பளப் பில், டைம்டேபிள், இன்ஸ்பெக்‌ஷன் ஃபைல் எல்லாம் நான் எழுதி நீட்டுவது. "எங்க டீச்சர் கையெழுத்து?" "இங்க சிஸ்டர்." ஒவ்வொரு சிஸ்டர் மாற்றலாகிப் போனதும் புது ஆள் வரும்வரை நான் 'பொறுப்பு'. வந்ததும் பொறுப்பு இல்லை, வேலை மட்டும். படிப்பு இருக்கிறது, சர்வீஸ் இருக்கிறது. அங்கி இல்லை. சபைப் பள்ளியில் அந்த நாற்காலி சபைக்கு. சேரும்போதே தெரியும், புதிதாக அழ என்ன இருக்கிறது. ஆனாலும் இன்று எரிச்சலாகத்தான் இருந்தது. கத்தரிக்காய் வாங்க மறந்துவிட்டேன். வெஞ்சனம் அப்பளம்.

28.7.2002, ஞாயிறு

பூசை முடிந்து வந்து உட்காரவில்லை, ப.ஆ. போன். ஞாயிற்றுக்கிழமை போன் என்றாலே அவர்களுக்கு ஏதோ அவசரம்.

வழி கண்டுபிடித்துவிட்டார்களாம். அந்த நாட்டில் ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் இருக்கிறார். அவரைக் கேப்டன் என்று கப்பலில் ஏற்றுவார்கள். அவர் ரூமில் இருப்பார், சாப்பிடுவார், சட்டத்துக்குக் கையெழுத்துப் போடுவார். கப்பல் ஓட்டுவது, சரக்கு, ஆட்கள், புயல், துறைமுகம் எல்லாம் இவர். சம்பளம் கிட்டத்தட்ட கேப்டன் சம்பளம். பெரியவருக்கு மூட்டுவலி, ஏணி ஏற மாட்டார், உங்களுக்குத் தொந்தரவே இருக்காது என்றார்களாம்.

சர்வீஸ் புத்தகத்தில் என்ன போடுவீர்கள் என்று இவர் கேட்டிருக்கிறார். சீஃப் ஆபீசர் என்றுதான்.

ஆறாம் தேதிக்குள் பதில் வேண்டும், திருவிழாவுக்கு மறுநாள். வேண்டாம் என்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். வேறு ஆள் ரெடி.

பாத்திமா அக்காவிடம் சுவர் ஓரமாகச் சொன்னேன். செத்த நேரம் யோசித்துவிட்டு, "நம்ம பஞ்சாயத்துத் தலைவரம்மா மாதிரி. அந்தம்மா கையெழுத்து, புருஷங்காரன் ஆட்சி" என்றார். சரியாகச் சொன்னார். ஒரே வித்தியாசம், அங்கே வேலை பார்க்கிற புருஷனை ஊரே தலைவரே என்கிறது.

30.7.2002, செவ்வாய்

வீட்டில் சண்டை இல்லை, சண்டைக்கு முந்தின அமைதி. அது இன்னும் மோசம்.

மாமா கட்சி: போகணும். "வேலை பூராவும் நீதான பாக்கப்போற? பேரு எவனுக்குப் போனா என்னலே? எங்களுக்கு நீதான் கேப்டன்." நோட்டீசில் வேறு போட்டாகிவிட்டது. கிடாவையும் கொடுத்துவிடலாமாம், வேலையைப் பார்க்கிறவன்தானே கேப்டன், சாமிக்குத் தெரியாதா.

இவர் எந்தக் கட்சியும் இல்லை. ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே இருந்தார். சிங்கப்பூரில் வாங்கி வைத்த நாலு கோடு போட்ட கேப்டன் தோள்பட்டை (சட்டைத் தோளில் மாட்டுவது) பீரோவில் என் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில். போன வாரம்வரை அதை எடுத்து எடுத்துப் பார்ப்பார். இப்போது பீரோப் பக்கமே போவதில்லை.

இவருடைய கணக்கு எனக்குத் தெரியும். நாற்பத்தியொரு வயதில் சென்னையில் ரூம் எடுத்து, இருபத்தைந்து வயதுப் பையன்களோடு உட்கார்ந்து, ஏற்கெனவே பாஸான பரீட்சையைத் திரும்ப எழுதுவது. ஃபெயில் ஆனால்? அந்தப் பக்கமும் போச்சு, இந்தப் பக்கமும் போச்சு.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லிவிட்டேன். பேச்சு நீளவில்லை.

"போகாதீங்க."

"சம்பளம் கூட வருது, எஸ்தர்."

"வரட்டும். அடுத்தவங்க கையெழுத்துக்கு வேலை பாக்குறது என்னன்னு எனக்குத் தெரியும். நான் பாத்துக்கிட்டு இருக்கேன். வீட்டுக்கு ஒரு ஆள் போதும்."

இவர் என்னையே பார்த்தார். இத்தனை வருடத்தில் பள்ளியைப் பற்றி நான் இப்படிச் சொன்னதில்லை. எனக்கே தெரியாது இவ்வளவு கசப்பு உள்ளே கிடக்கிறது என்று. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். ஒரு சொம்புத் தண்ணீரில் எத்தனை பாத்திரம் கழுவ முடியும். கொஞ்சம் அழுதேன்.

2.8.2002, வெள்ளி

ஷீலா டெஸ்ட்: கணக்கு 61. வாயே திறக்கவில்லை நான். தகப்பன் பரீட்சைக் கவலையில் இருக்கும் வீட்டில் பிள்ளையை என்ன சொல்வது.

தண்ணீர் வந்தது! அண்டா, குடம், குக்கர், டிபன் கேரியர் வரை பிடித்தாயிற்று.

குடம் தூக்கிக்கொண்டிருக்கும்போதே முற்றத்தில் மாமாவும் இவரும். மாமா கிடாவுக்குக் கொம்பில் மஞ்சள் தடவிக்கொண்டே கேட்டார், துறைமுகத்தை விட்டுக் கப்பல் கிளம்ப எவன் கையெழுத்து வேண்டும் என்று. கேப்டன் கையெழுத்து என்றார் இவர். எந்தக் கேப்டன்? அந்தப் பெரியவர்தான். அவன் போட மாட்டேன் என்றால்? கிளம்பாது. நீ போட்டால்? செல்லாது.

மாமா கை நின்றுவிட்டது.

"எங்க லைன்ல டிரைவர் எம்புட்டுப் பெரிய ஆளா இருந்தாலும், நான் கொடி காட்டாம ஒரு வண்டியும் இந்த ஸ்டேசன விட்டுப் போனதில்ல" என்றார். அப்புறம் மெதுவாக, "அப்ப நீ கேப்டன் இல்லடா அப்பு."

இவர், "இல்லப்பா" என்றார்.

அவ்வளவுதான். மாமா மஞ்சள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மத்தியானம் சாப்பிடவில்லை. மோர் மட்டும்.

5.8.2002, திங்கள். திருவிழா

கால் வலி. நின்றே ஒரு நாள் போயிற்று.

காலையில் நேர்ச்சை ஒப்படைப்பு. கோயில் வாசலில் வரிசை. ஆடு, கோழி, அரிசி மூட்டை, பூண்டு, வெங்காயம், ஒருத்தர் கையில் ஒரே ஒரு எலுமிச்சம்பழம். உபதேசியார் நோட்டீஸைப் பார்த்து மைக்கில் வாசிக்க வாசிக்க அவரவர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். புழுதிக் காற்றில் மைக் கரகரவென்று. மாமா வெள்ளை வேட்டி, கையில் கிடா. கழுத்தில் மாலை, கிடாவுக்கு. மாலையையும் தின்றுகொண்டிருந்தது.

காலையில் புறப்படும்போது நான் எவ்வளவோ கேட்டேன், என்ன செய்யப் போகிறீர்கள் என்று. "வா தாயி" என்றதோடு சரி. இவர் எங்களுக்குப் பின்னால், கல்யாண வீட்டுக்கு அழைப்பில்லாமல் வந்தவர் மாதிரி.

"கேப்டன் சேவியர் குடும்பத்தார், கிடா ஒன்று."

சுற்றிலும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள். மாமா முன்னால் போனார். கயிற்றைக் கொடுக்கவில்லை. உபதேசியாரிடம் ஏதோ சொன்னார். அவர் மைக்கை மூடவில்லை, அதனால் எல்லோருக்கும் கேட்டது.

"அவன் இன்னும் கேப்டன் ஆகல. நான்தான் அவசரப்பட்டுப் பேரு குடுத்துட்டேன். ஆகாத காரியத்துக்கு நேர்ச்சை குடுத்தா செபஸ்தியார் கிட்டப் பொய் சொன்ன மாதிரி. ஆனதும் கொண்டாரேன்."

திரும்பிக் கிடாவை இழுத்துக்கொண்டு நடந்தார். வரிசை முழுக்க வழி விட்டது. கொடுக்கத்தான் எல்லோரும் வருவார்கள், திரும்பக் கொண்டுபோய் யாரும் பார்த்ததில்லை போல. எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. இவர் என்ன செய்கிறார் என்று பார்த்தேன். போய் மாமா கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். இவர் முகத்தில் மூன்று வாரமாக இல்லாத ஒரு தெளிவு.

சாயங்காலம் அன்னதானம். ஊர் முழுக்க பிரியாணி மணம். சாப்பிட்டோம். மாமா இரண்டு தடவை வாங்கினார்.

6.8.2002, செவ்வாய்

ப.ஆ.வுக்கு இவரே போன் போட்டார். வேண்டாம் என்று. எதிர்ப்பக்கம் நிறையப் பேசினார்கள். இவர் "நோ" என்பதை நாலைந்து விதமாகச் சொன்னார். கடைசியில் தமிழில், "இல்ல சார், விடுங்க." எதிர்ப்பக்கம் இருப்பது மராத்திக்காரர்.

போனை வைத்ததும், "ஃபெயிலானா என்ன பண்றது எஸ்தர்?" என்று கேட்டார். மறுபடி எழுதுங்கள் என்றேன். பயமாகத்தான் இருக்கிறது எனக்கும். சொல்லவில்லை.

11.8.2002, ஞாயிறு

பூசையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான மன்றாட்டு. மறுதேர்வு எழுதுவோர் பெயர்களைச் சாமியார் வாசித்தார். ஆரோக்கியராஜ், பத்தாம் வகுப்பு, கணிதம். லூர்து மேரி, பிளஸ் டூ, இயற்பியல். கடைசியாக, "சேவியர், கப்பல்."

மாமா பார்த்த வேலை. பின்பெஞ்சில் பையன்கள் சிரித்தார்கள். இவருக்குக் காது சிவந்துவிட்டது. ஷீலாவுக்கு அவமானம் தாங்கவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். முந்தானை என்றால் மிச்சமிருக்கும் முந்தானை.

12.8.2002, திங்கள்

இவர் சென்னைக்குக் கிளம்பியாயிற்று. எடுத்துப் போனது: புத்தகங்கள், லுங்கி இரண்டு, ஷீலாவின் ஜாமெட்ரி பாக்ஸ், பருப்புப் பொடி. தோள்பட்டை பீரோவிலேயே இருக்கிறது. மாமா ஸ்டேஷன் வரை வந்து, கார்டு பச்சைக் கொடி காட்டும்வரை நின்றார்.

பள்ளியில் சிஸ்டர்: "எங்க டீச்சர் கையெழுத்து?" காட்டினேன்.

வரும் வழியில் அகத்திக்கீரை. சேலைகளை இனி மாடியில் காயப்போட வேண்டும். மாமா சொல்கிறார், நேர்ந்த கிடா இடையில் செத்துப்போனால் ஆகாதாம், மகன் பாஸ் பண்ணிக் கப்பல் ஏறும்வரை நல்லபடியாக இருக்கணுமாம். பார்த்துக்கொள்ள வேண்டியது யார்? பொறுப்பு நான்தான்.

கீரையை வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. சேலை தின்னும் கிடா, கீரை தின்னவில்லை. இருமல் வேறு.

நாளை அரைநாள் லீவு. கால்நடை ஆஸ்பத்திரி.